ஓமந்தையில் 64 கட்டம்: தெரியுமா?

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே வந்தால் ஓமந்தை. மழையும் குளமும் கைகொடுத்த காலபோகமென்றால் நெல்லுக்குக் குறைவிராது. அந்த நெல்லை மூடையாகக் கணக்குப் பார்ப்பார்கள், புசலாகப் பார்ப்பார்கள். மணி மணியாக எண்ண யாருக்கு நேரம்? இன்றைக்கு ஒரு தடவை எண்ணிப் பார்ப்போம். களத்தின் நடுவில் ஒரு சதுரங்கப் பலகை. முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு... இப்படி இரட்டித்துக்கொண்டே போய் 64ஆம் கட்டத்தையும் நிரப்பினால் மொத்தம் எத்தனை மணி தெரியுமா?

18,446,744,073,709,551,615.

இருபது இலக்கம்! வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 1 இலட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, அதோடு 44 இலட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி, மிச்சம் 95 இலட்சத்து 51 ஆயிரத்து 615. இரண்டின் 64ஆம் வலுவில் ஒன்று குறைவு.

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் கேட்ட பரிசு இது என்ற கதை பழசு. 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிக்கான் எழுதிவைத்தார். கேரளத்து அம்பலப்புழையில் கண்ணனே வந்து கேட்டதாகச் சொல்லிக் கோயிலில் இன்றைக்கும் பாற்பாயசம் கொடுக்கிறார்கள். கதை சொல்கிற எல்லாருமே எண்ணின் பருமனைக் காட்டி வாய்பிளக்க வைப்பதோடு எழுந்து போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் பருமன்தான் இந்த எண்ணிடம் உள்ள ஆகச் சின்ன அதிசயம். உள்ளே திறந்து பார்க்க வேண்டும். ஆனாலும் பருமனையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போவோம், ஆசை யாரை விட்டது!

ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 40,000 மணி. (கீரிச்சம்பா போடுகிறவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், உங்கள் மணி சிறிது, எண்ணிக்கை கூடும்.) முதல் வரிசை எட்டுக் கட்டமும் நிரம்ப 255 மணி, ஏழு கிராம்கூட இல்லை. கோழி ஒன்று வந்தால் கணக்கு முடிந்தது. இரண்டு வரிசைக்கு 65,535 மணி, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். மூன்று வரிசைக்கு 16,777,215 மணி, 70 கிலோ மூடையில் ஆறு மூடை. சாதாரணமாக ஒரு கைத்தொலைபேசித் திரை காட்டக்கூடிய நிறங்கள் எத்தனை தெரியுமா? 16,777,216! மூன்று வரிசை நெல்லுக்கு ஒரேயொரு மணிதான் கூட. காரணம் இரண்டுக்கும் ஒன்றே: சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படி, பலகையிலும் வரிசைக்கு வரிசை 256 மடங்கு.

அரைப் பலகை நிரம்பும்போது நெல் 107 தொன். ஏக்கருக்கு 25 மூடை விளைந்தால் ஏறக்குறைய 60 ஏக்கர் விளைச்சல். ஓமந்தைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஊர்க்காரர் நாலைந்து பேர் சேர்ந்தால் கொட்டிவிடலாம். ஐந்தாம் வரிசையில் 27 ஆயிரம் தொன்னைத் தாண்டும். ஆறாம் வரிசை முடிய 70 இலட்சம் தொன், இலங்கை முழுவதும் ஒரு வருடத்தில் விளைவிக்கிற நெல் அதற்குப் போதாது. ஏழாவதில் 180 கோடித் தொன், உலகத்துக்கே இரண்டு வருடத்துக்கு மேல் வேலை. எட்டாவதும் முடிந்தால் 46,000 கோடித் தொன்! பத்துத் தொன் லொறிகளில் ஏற்றி, லொறிக்குப் பத்து மீற்றர் இடம் கொடுத்து வரிசையாக நிறுத்தினால், வரிசை சூரியனுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் சூரியனுக்குப் போகும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று காலம் கழித்தவர்களுக்கே அது கொஞ்சம் நீளம்தான்.

சரி, பருமன் போதும். இப்போது எண்ணைப் பிளப்போம்.

தனக்கும் ஒன்றுக்கும் தவிர வேறெதற்கும் மீதியின்றிப் பிரிபடாத எண் முதன்மை எண். தமிழகத்தார் பகா எண் என்பார்கள். நமது இருபது இலக்க எண்ணை முதன்மை எண்களாகப் பிரித்தால் வருவது இது:

3 × 5 × 17 × 257 × 65,537 × 641 × 6,700,417.

ஏழே ஏழு! ஒன்றும் இருமுறை வரவில்லை. ஆகவே இதன் காரணிகள் மொத்தம் 128, அதுவும் இரண்டின் ஒரு வலுதான். இருபது இலக்க எண்ணை இப்படிப் பிரிக்கக் கணினி வேண்டுமென்று நினைத்தீர்களா? சாதாரண தரத்துப் பிள்ளைக்குத் தெரிந்த இரு வர்க்கங்களின் வித்தியாசம் போதும். 3ஐ 5ஆல் பெருக்கினால் 15. அதை 17ஆல் பெருக்க 255, அது முதல் வரிசை நெல். 255ஐ 257ஆல் பெருக்க 65,535, இரண்டு வரிசை நெல். அதை 65,537ஆல் பெருக்க 4,294,967,295, அரைப் பலகை நெல். ஒவ்வொரு தடவையும் கையிலிருக்கும் எண்ணை அதைவிட இரண்டு கூடிய எண்ணால் பெருக்குகிறோம், பலகையில் நிரம்பிய கட்டங்கள் இரட்டிக்கின்றன. இன்னும் ஒரே ஒரு படி, 4,294,967,297ஆல் பெருக்கினால் முழுப்பலகை.

அந்தக் கடைசி எண்ணில்தான் ஒரு பெருந்தலை இடறியது தெரியுமா?

பிரான்சில் நீதிமன்ற உத்தியோகத்தில் இருந்துகொண்டே கணிதம் செய்தவர் பியேர் தெ பெர்மா. 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்கள் என்று கண்டார். இதே வரிசையில் அடுத்தது 4,294,967,297, அதற்கடுத்தது இன்னும் பெரிது, முடிவில்லாமல் போகும். எல்லாமே முதன்மை எண்கள்தான் என்று 1640இல் கடிதம் எழுதினார். நிறுவல் இல்லை, நம்பிக்கை மட்டும். ஏறத்தாழ 90 வருடம் அந்தக் கூற்றை ஒருவரும் அசைக்கவில்லை.

1732இல் லியோனார்ட் ஒய்லர் அதை உடைத்தார். 4,294,967,297 முதன்மை எண் இல்லை, 641ஆல் பிரிபடும்! கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்தாரா? இல்லை. இந்த எண்ணுக்குக் காரணி ஒன்று இருந்தால், அந்த முதன்மை எண் 64இன் மடங்குக்கு ஒன்று கூடியதாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு விதி கண்டார். 64! பலகையின் கட்டங்கள் இங்கேயும் வந்து நிற்கின்றன. அந்த விதிப்படி பார்க்கவேண்டிய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே அகப்பட்டுவிட்டது! ஐந்து வகுத்தல், ஒரு பின்னேரத்து வேலை. உலகத்தின் தலைசிறந்த எண்கணித மூளை அந்த ஐந்து வகுத்தலைச் செய்யாமல் விட்டதை நினைத்தால் நம்மைப்போன்றவர்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நீங்களே கடதாசியில் 641ஐ 6,700,417ஆல் பெருக்கிப் பார்க்கலாம். அதுவும் வேண்டாமென்றால் இன்னொரு வழி இருக்கிறது, அழகானது. 641 என்பது 625ம் 16ம் சேர்ந்தது, அதாவது 5இன் நான்காம் வலுவும் 2இன் நான்காம் வலுவும். அதே 641, 5ஐ 128ஆல் பெருக்கி ஒன்று கூட்டினாலும் வரும். ஒரே எண்ணுக்கு இந்த இரண்டு முகம் இருப்பதுதான் சங்கதி. 641ஆல் வகுத்து மீதியை மட்டும் பாருங்கள்: 5×128 என்பது −1க்குச் சமம். அதை நான்காம் வலுவுக்கு உயர்த்தினால், 5இன் நான்காம் வலுவை 2இன் 28ஆம் வலுவால் பெருக்கியது +1க்குச் சமம். இப்போது முதல் முகத்தைப் பாவியுங்கள்: 5இன் நான்காம் வலுவுக்குப் பதிலாக −16ஐப் போடலாம். 16 என்பது 2இன் நான்காம் வலு, 28உடன் 4 சேர 32. ஆக 2இன் 32ஆம் வலு −1க்குச் சமம். ஒன்று கூட்டினால் மீதி பூச்சியம். பெரிய எண்ணை ஒருதடவைகூட எழுதாமலே வகுத்து முடித்துவிட்டோம்!

1812இல் லண்டனில் மேடையேறிய அமெரிக்கச் சிறுவன் சேரா கோல்பேர்ன், எட்டு வயது, இதே எண்ணைக் கொடுத்தபோது கடதாசி பென்சில் இல்லாமல் 641 என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. எப்படி என்று கேட்டால் அவனுக்கு விளக்கத் தெரியவில்லையாம்.

பெர்மா கண்ட அந்த ஐந்து முதன்மை எண்களும் வடிவகணிதத்திலும் தலைகாட்டுகின்றன. கவராயமும் அடையாளமில்லாத நேர்விளிம்பும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்கான பல்கோணிகளை வரையலாம்? முக்கோணி, ஐங்கோணி கிரேக்கர் காலத்திலேயே தெரியும். ஏழு பக்கம் முடியாது, ஒன்பது முடியாது. 1796 மார்ச் 30ஆம் திகதி, 19 வயதுகூட நிரம்பாத கார்ல் பிரீட்ரிக் கௌஸ், 17 பக்கம் முடியும் என்று கண்டார். இரண்டாயிரம் வருடமாக ஒருவருக்கும் தெரியாத சங்கதி! 3, 5, 17, 257, 65,537 இந்த ஐந்தில் வேண்டியவற்றை, ஒவ்வொன்றையும் ஒருதடவைக்கு மேல் எடுக்காமல் பெருக்கி வருகிற பக்க எண்ணிக்கை எதுவானாலும் வரையலாம். அப்படி ஒற்றை எண்ணிக்கைப் பக்கமுள்ள பல்கோணிகள் நமக்குத் தெரிந்தவரை மொத்தம் 31. அதில் ஆகப் பெரியதற்கு எத்தனை பக்கம் தெரியுமா? ஐந்தையும் பெருக்குங்கள்: 4,294,967,295! நமது அரைப் பலகை நெல், ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 60 ஏக்கர் விளைச்சலில் மணிக்கு ஒரு பக்கம்.

65,537 பக்கத்துக்கு வரைமுறை எழுதுகிறேன் என்று ஜெர்மனியில் யோகான் ஹேர்மெஸ் பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்தார். 1894இல் முடித்த அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யார் வரைந்து பார்க்கப்போகிறார்கள்? வட்டத்துக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த 65,537 வீண்போகவில்லை. இணையத்தில் வங்கிக் கணக்கைப் பூட்டிக் காக்கும் ஆர்எஸ்ஏ முறையில், பொதுச்சாவியின் ஒரு பாதியாகப் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது அதே எண்தான்!

இனி நெல்லுக்கு வருவோம். எந்தக் கட்டத்தோடு நிறுத்தினால் மொத்தக் குவியல் முதன்மை எண்ணாக வரும்? 64 கட்டத்தில் அப்படிப்பட்ட இடங்கள் ஒன்பதே ஒன்பது: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61. உதாரணத்துக்கு 61ஆம் கட்டத்தோடு கையை எடுத்துவிட்டால் 2,305,843,009,213,693,951 மணி. அதை எத்தனை மூடையில் சமமாகப் பிரிக்கலாம்? முடியாது! இரண்டு பேருக்கும் முடியாது, இருநூறு பேருக்கும் முடியாது, கோடி பேருக்கும் முடியாது. குத்தகைப் பங்கு கேட்டு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இந்தக் குவியல் முதன்மை எண் என்று கண்டவர் யார் தெரியுமா? ரஷ்யாவில் ஊரல் மலைப்பக்கத்துக் கிராமப் பாதிரியார் இவான் பெர்வூஷின், 1883இல். பூசை போக மிஞ்சிய நேரத்தில் கையால் போட்ட கணக்கு!

இதோடு இன்னொன்றும் இலவசம். இந்த ஒன்பது இடங்களில் எதில் நின்றாலும், அந்தக் கட்டத்தில் கிடக்கும் நெல்லை அதுவரையான மொத்த நெல்லால் பெருக்கினால் நிறையெண் வரும். தன்னைத் தவிர்ந்த தன் காரணிகளைக் கூட்டினால் தானே வருகிற எண். இரண்டாம் கட்டத்தில் 2, மொத்தம் 3, பெருக்கினால் 6. 1, 2, 3ஐக் கூட்டினால் 6. மூன்றாம் கட்டத்தில் 4, மொத்தம் 7, பெருக்கினால் 28. ஐந்தாம் கட்டத்தில் 496. 61ஆம் கட்டத்தில் நின்றால் 37 இலக்க நிறையெண்! யூக்ளிட் சொல்லிவைத்தது, இரண்டாயிரத்து முன்னூறு வருடமாகப் பிசகவில்லை.

பலகை போதாதென்றால் இரண்டு பலகையை ஒட்டிவைத்து, 128 கட்டத்தில் கடைசி ஒன்றை மட்டும் வெறுமையாக விடுங்கள். 127. அந்த 39 இலக்கக் குவியல் முதன்மை எண் என்று 1876இல் நிறுவியவர் பிரான்சின் எடுவார் லூக்கா. 1951 வரை அதைவிடப் பெரிய முதன்மை எண் ஒருவருக்கும் அகப்படவில்லை. அதே லூக்காதான் 1883இல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டை வெளியிட்டவர். காசியில் ஒரு கோயிலில் பூசகர்கள் 64 பொன்தட்டுகளை ஊசிக்கு ஊசி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்தால் உலகம் அழியும் என்று கதையும் கட்டிவிட்டார்கள். எத்தனை நகர்த்தல் வேண்டும்? நமது அதே இருபது இலக்க எண், இலக்கம் பிசகாமல்! செக்கனுக்கு ஒன்று நகர்த்தினாலும் 58,000 கோடி வருடத்துக்கு மேல். பிரபஞ்சத்துக்கு இதுவரை ஆன வயது 1,380 கோடிதான். பயப்பட வேண்டாம்.

2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதன்மை எண்ணும் இதே இரட்டிப்புச் சாதிதான். அதற்குப் பலகையில் 136,279,841 கட்டம் வேண்டும்; எண்ணுக்கு 41,024,320 இலக்கம்.

முதன்மை எண் ஒருபக்கம் இருக்கட்டும், நேர்மாறான பிறவி ஒன்று உண்டு. எவ்வளவோ விதமாகப் பங்கிடக்கூடிய எண்! அதன் பின்னால் நம் ஆள் இருக்கிறார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தன்னைவிடச் சிறிய எல்லா எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைத் தேடிப் பட்டியலிட்டிருந்தார். பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800. நெல்லாகக் கொட்டினால் நமது பலகையில் 43ஆம் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே தாண்டிவிடுகிற குவியல்தான். காரணிகள் எத்தனை தெரியுமா? 10,080! முழுப்பலகையின் இராட்சத எண்ணுக்கு வெறும் 128, இதற்குப் பத்தாயிரத்து எண்பது.

அதைவிட வேடிக்கை, அந்தப் பட்டியலில் இராமானுஜன் ஒரே ஓர் எண்ணைத் தவறவிட்டுவிட்டார். 293,318,625,600. அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண் அப்படியே வருகிறது! கடைசி எண் 2இன் ஆறாம் வலு, 3இன் நான்காம் வலு, 5உம் 7உம் வர்க்கமாக, பிறகு 11, 13, 17, 19, 23 எல்லாம் சேர்ந்தது. அதில் 23ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் தப்பிப்போன எண். வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் இருக்க, அவர் மடியில் இருந்த பிள்ளை விடுபட்டுப்போன மாதிரி. எனக்கென்னவோ அந்த மனிதர்மீது இதனால் மதிப்புக் கூடத்தான் செய்கிறது; இத்தனையும் கையால்.

இன்னொரு தமிழரையும் சொல்லாமல் விட்டால் கை கூசும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த எஸ். எஸ். பிள்ளை. எந்த முழு எண்ணையும் ஆறாம் வலுக்களின் கூட்டாக எழுத, ஆகக்கூடியது 73 போதும் என்று 1940இல் நிறுவினார். 64 தானே 2இன் ஆறாம் வலு! 703 என்ற எண்ணைப் பாருங்கள். 3இன் ஆறாம் வலு 729, அது பெரிது. ஆகவே பத்து 64, மிச்சம் 63 ஒன்றுகள்: சரியாக 73. அதற்குக் குறைத்து முடியாது. 73ஐ விடக் கூடக் கேட்கிற எண் கோடி கோடி தாண்டியும் இல்லை. 1950 ஓகஸ்ட் கடைசியில் அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டவர், கெய்ரோவுக்கு அருகில் விமானம் விழுந்து இறந்துபோனார். இராமானுஜன் பெயர் தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது இவர் பெயர் தெரியுமா என்பது சந்தேகம். அது அநியாயம்.

உங்கள் சட்டைப்பையிலும் முழுப்பலகை இருக்கிறது. இன்றைய கைத்தொலைபேசி 64 பிட்; ஒரு கட்டத்துக்கு ஒரு பிட். குறி இல்லாத முழு எண்ணாக அது ஒரே மூச்சில் பிடிக்கக்கூடிய ஆகப்பெரியது இதே 18,446,744,073,709,551,615. பழைய 32 பிட் கணக்கில், கூட்டல் கழித்தல் குறிக்கு ஒரு பிட் போக, உச்சம் 2,147,483,647. அதுவும் முதன்மை எண், ஒய்லரே நிறுவியது. 2014 டிசம்பரில் கொரியப் பாட்டு ஒன்று யூடியூப்பில் அந்த எண்ணையும் தாண்டிப் பார்க்கப்பட்டு, எண்ணிக்கைப் பெட்டியை 64 பிட்டுக்கு மாற்ற வைத்தது! 1970 தொடக்கத்திலிருந்து செக்கன்களை எண்ணுகிற பழைய கணினிகளுக்கும் அதே உச்சம்தான். மாற்றாமல் விட்டிருந்தால் இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனோடு அவற்றின் கடிகாரம் குழம்பும்.

பலகைக்கு வெளியே மூன்று கட்டம் கூட்டி 67இல் நிறுத்தினால்? அது முதன்மை எண் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் எழுதிவைத்தார். 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் கணிதர் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் எழுந்து போய், வாய் திறக்காமல் கரும்பலகையில் 147,573,952,589,676,412,927 என்று எழுதி, மறுபக்கத்தில் 193,707,721ஐ 761,838,257,287ஆல் பெருக்கிக் காட்டினார். இரண்டும் ஒன்று. சொல் ஒன்றும் பேசாமலே போய் உட்கார்ந்தார், சபை எழுந்து கைதட்டியது என்கிறார்கள். எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டதற்கு, மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

பெர்மாவின் வரிசை என்ன ஆனது? 65,537க்குப் பிறகு ஒரு முதன்மை எண்கூட அகப்படவில்லை. 4,294,967,297 தொடங்கி அடுத்தடுத்து 28 எண்கள் முதன்மை எண் அல்ல என்று உறுதியாகிவிட்டது. 29ஆவது, 2இன் 8,589,934,592ஆம் வலுவுக்கு ஒன்று கூடியது. எழுதினால் 258 கோடி இலக்கத்துக்கு மேல். அது முதன்மை எண்ணா இல்லையா என்று இன்றுவரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.